இட்லிக் கடைப் பையனுக்குக் காமாலை: சட்னியை நிறுத்துங்கள்

சகோதரி, தாராவியில் வீட்டிலேயே இட்லி அவித்து விற்கிறீர்கள், சட்னி அரைக்கும் பையனுக்கு மஞ்சள் காமாலை, பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஏ (மலத்திலிருந்து கை வழியாகச் சாப்பாட்டில் கலந்து பரவும் கல்லீரல் வைரஸ்) என்று வந்திருக்கிறது, வியாபாரத்தை நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்த வேண்டாம். ஆனால் பையனை உடனே வீட்டுக்கு அனுப்புங்கள். கண் மஞ்சளான நாளிலிருந்து குறைந்தது ஒரு வாரம், டாக்டர் சரி என்று சொல்லும்வரை, அவன் பாத்திரத்தைக்கூடத் தொடக் கூடாது. அந்த வாரச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் அடுத்த முறை காய்ச்சலை மறைத்துக்கொண்டு வருவான்.

இட்லி ஆவியில் வேகும்போது இந்த வைரஸ் செத்துவிடும். வெந்ததைக் கையால் எடுக்காமல் கரண்டியால் எடுங்கள், போதும். எனக்குக் கவலை சட்னிதான். தேங்காய், தண்ணீர் எல்லாம் பச்சை. மேலே தாளித்துக் கொட்டுவதால் கிருமி சாகாது. கண் மஞ்சளாவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே மலத்தில் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும், அப்போதும் அவன்தானே அரைத்திருப்பான்! கொஞ்ச நாளைக்குக் கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் மட்டும் கொடுங்கள்.

சானிடைசரை நம்ப வேண்டாம், இந்த வைரஸுக்கு அது போதாது. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். அங்கே குழாயில் தண்ணீர் வரும் நேரம் குறைவு என்று தெரியும். அதனால் குழாய் வைத்த டிரம் ஒன்றைக் கை கழுவ மட்டும் தனியாக வையுங்கள்.

அப்புறம், வீட்டில் இருப்பவர்களுக்குத் தடுப்பூசி பற்றி நாளைக்கே டாக்டரிடம் கேளுங்கள். தொற்று பட்ட 14 நாட்களுக்குள் போட வேண்டும். 50 நாள் வரை எல்லோருடைய கண்ணையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.