ஒரே அறை, இரண்டு மீட்டர், இரண்டு எண்

கேள்வி: படுக்கையறையில் புதிதாக பிளைவுட் அலமாரி போட்டதிலிருந்து கண் எரிகிறது. ஆன்லைனில் வாங்கிய காற்றுத்தர மீட்டர், ஃபார்மால்டிஹைடு (பிளைவுட் பசையிலிருந்து கசியும் வாயு) ஒரு கனமீட்டருக்கு 0.10 மில்லிகிராம் என்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் மீட்டரை அதே இடத்தில் வைத்தால் 0.08 பி.பி.எம். என்னுடையது பழுதா? திருப்பி அனுப்பலாமா?

பதில்: இந்த எண்களை வைத்துப் பழுது என்று சொல்ல முடியாது. இரண்டு மீட்டரும் ஒன்றையேதான் சொல்கின்றன. உங்களுடையது ஒரு கனமீட்டர் காற்றில் அந்த வாயுவின் எடையைக் காட்டுகிறது. அவருடையது பத்து லட்சம் பங்கு காற்றில் அது எத்தனை பங்கு என்று கன அளவில் காட்டுகிறது.

மில்லிகிராம் எண்ணை 24.45-ஆல் பெருக்கி, வாயுவின் மூலக்கூறு எடையால் வகுத்தால் பி.பி.எம். வந்துவிடும். ஃபார்மால்டிஹைடுக்கு அந்த எடை 30. ஆக, 0.10 × 24.45 ÷ 30 = 0.0815. திரையில் 0.08.

24.45 என்பது 25 டிகிரியில், கடல்மட்ட அழுத்தத்தில் ஒரு மோல் வாயு (மூலக்கூறு எடை எவ்வளவோ அத்தனை கிராம்) பிடிக்கும் லிட்டர். 35 டிகிரி வெயிலில் அது 25.3 ஆகும், வீட்டு மீட்டருக்கு இது பெரிய விஷயமில்லை. ஊட்டியில் அப்படி விட முடியாது. அங்கே காற்றழுத்தம் கால்பங்கு அளவுக்குக் குறைவு என்பதால் அந்த எண் 30-ஐத் தாண்டிவிடும்.

வாயு மாறினால் கணக்கும் மாறும். கார்பன் மோனாக்சைடு 1 பி.பி.எம். என்றால் சுமார் 1.15 மில்லிகிராம், நைட்ரஜன் டை ஆக்சைடு என்றால் 1.88. பி.எம். 2.5-க்கு இந்தக் கணக்கே கிடையாது, அது தூசு.

பழுதை விட எனக்குக் கவலை வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, அரை மணி நேரச் சராசரியாக, கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராம். 'நமக்கு 0.08-தானே' என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நிம்மதியாக இருந்தால், அவர் பி.பி.எம்.-ஐ மில்லிகிராமோடு ஒப்பிடுகிறார். உண்மையில் அந்த அறை வரம்பின் விளிம்பில் நிற்கிறது. அலமாரிக் கதவுகளையும் ஜன்னலையும் திறந்து, ஃபேனை ஓடவிடுங்கள். வாடை குறையும்வரை வேறு அறையில் படுப்பது நல்லது.

அப்புறம், மலிவான மீட்டர்கள் பலவும் ஆல்கஹால் ஆவியையும் ஃபார்மால்டிஹைடு என்று எண்ணிக்கொள்ளும். கையில் சானிடைசர் தடவி அருகில் நீட்டிப் பாருங்கள். எண் எகிறினால், திருப்பி அனுப்ப அதையே காரணமாக எழுதுங்கள்.