எந்தக் கிளை கெட்டிக்காரக் கிளை?

கேள்வி: எங்கள் நிர்வாகத்தில் 6 கிளை நூலகங்கள். ஊழியர், செலவு, இரவல், வருகை, உறுப்பினர் என எல்லாக் கணக்கும் இருக்கிறது. எது திறமையாக இயங்குகிறது என்று ஒரே எண்ணில் சொல்ல முடியுமா?

பதில்: முடியும், ஆனால் உங்கள் கையிலிருக்கும் கணக்கை வைத்து நான் சொல்ல மாட்டேன்.

இதற்கென்றே டி.இ.ஏ. (Data Envelopment Analysis, தரவு உறைப் பகுப்பாய்வு) என்றொரு முறை உண்டு. கிடைத்த பலன்களின் கூட்டை, செலவான வளங்களின் கூட்டால் வகுத்து ஒவ்வொரு கிளைக்கும் ஒரு மதிப்பெண் தரும். 1957-ல் பொருளியலாளர் ஃபாரல் போட்ட விதை. 1978-ல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் அதை நேரியல் நிரலாக்கமாக (நிபந்தனைகளுக்குள் மிகச் சிறந்த விடையைக் கண்டுபிடிக்கும் கணக்கு முறை) வளர்த்தார்கள். அமெரிக்கப் பள்ளித் திட்டம் ஒன்றை மதிப்பிடும் வேலையில் உருவானது. இரவலுக்கு எவ்வளவு எடை, செலவுக்கு எவ்வளவு என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளையும் தனக்குச் சாதகமான எடைகளையே எடுத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: அதே எடைகளில் எந்தக் கிளையின் மதிப்பெண்ணும் 1-ஐத் தாண்டக் கூடாது. இவ்வளவு சலுகைக்குப் பிறகும் 0.8 வாங்கினால், அதே வேலையை 80 சதவீத வளத்தில் முடித்திருக்கலாம் என்று பொருள். சாக்குச் சொல்ல இடமே இல்லை, எனக்குப் பிடித்ததே அதுதான்!

சிக்கல் என்னவென்றால், உள்ளீடு (ஊழியர், செலவு), வெளியீடு (இரவல், வருகை, உறுப்பினர்) சேர்த்து 5 அளவுகள் வைத்திருக்கிறீர்கள். கிளைகள் அதைப் போல் மூன்று மடங்காவது வேண்டும் என்பது நடைமுறை விதி. ஆறே கிளைகள் என்றால் கிட்டத்தட்ட எல்லாமே 1 வாங்கிவிடும். இரண்டே அளவுகள் என்றால் ஆறு கிளைகள் போதும்; அதனால் செலவையும் இரவலையும் மட்டும் வைத்துப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், இது சிக்கனத்தைத்தான் அளக்கும். வாசகருக்குத் தேவையான நூல் கிடைத்ததா என்பதை அவரிடமே கேளுங்கள்.