பிரித்துத் தொங்கவிட்ட கார்

அன்புள்ள சார்,

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறோம். அப்பா காலத்திலிருந்தே இதுதான் தொழில். மெக்சிகோ கலைஞர் ஒருவர் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் கம்பியில் தொங்கவிட்டிருக்கும் படத்தை நண்பன் அனுப்பினான். ‘காஸ்மிக் திங்’ என்று பெயராம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஆட்கள் தினமும் இதைத்தானே செய்கிறார்கள்? இன்ஜினை இறக்கினால் சாக்கை விரித்து எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைப்பார்கள். அதை யாரும் கலை என்று சொல்வதில்லை. டெல்லியில் பழைய இரும்பில் தாஜ்மகால், ஈஃபில் கோபுரம் எல்லாம் செய்து வைத்திருக்கும் பூங்காவுக்குப் போயிருக்கிறேன். அதிலாவது கைவேலை தெரிகிறது. இவர் என்ன செய்தார்? கிண்டலாகக் கேட்கவில்லை.

– கரூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கிண்டலாகவே கேட்டிருந்தாலும் பரவாயில்லை. ஸ்பேனர் பிடித்தவர்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்க உரிமை அதிகம்.

அந்தக் கலைஞர் தாமியன் ஓர்த்தேகா. 2002-இல் செய்தது. அடுத்த ஆண்டு வெனிஸ் பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியிலும் வைத்தார்கள். உங்கள் ஆட்களின் வேலைக்கும் அவருடைய வேலைக்கும் வித்தியாசம் எங்கே என்று பார்ப்போம். சாக்கில் இருப்பது கழற்றிய வரிசை. திரும்ப மாட்டும்போது குழப்பம் வரக்கூடாது, அவ்வளவுதான் நோக்கம். அங்கே ஒரு பாகம் வண்டியில் எந்த இடத்தில் இருந்தது என்பது மெக்கானிக்கின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. ஓர்த்தேகா எதையும் இடம் மாற்றவில்லை. கதவு கதவின் பக்கத்திலேயே, கொஞ்சம் வெளியே தள்ளி. சக்கரம் சக்கரத்தின் பக்கம். பீட்டிலுக்கு இன்ஜின் பின்னால் என்பது உங்களுக்குத் தெரியும். அதுவும் பின்னால்தான் தொங்குகிறது. அவர் கூட்டியது இடைவெளியை மட்டும். சர்வீஸ் மேனுவலில் எந்த வாஷர் எங்கே போகும் என்று பிரித்துக் காட்டும் படம் இருக்குமே, அதைக் காகிதத்திலிருந்து வெளியே எடுத்து, சுற்றி நடந்து பார்க்கும்படி வைத்துவிட்டார். தள்ளி நின்றால் கார். கிட்டே போகப் போகக் கார் காணாமல் போய், நடுவில் இருக்கும் காற்றுதான் கண்ணுக்குப் படுகிறது. எந்தக் கம்பியும் தொய்யாமல், ஒவ்வொரு எடைக்கும் கணக்குப் பார்த்துத் தொங்கவிடுவது லேசான வேலையும் இல்லை. உங்கள் ஆட்களைக் கூப்பிட்டால் இன்னும் சுத்தமாகச் செய்வார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் பிரித்த வண்டியைப் பூட்டாமல் நிறுத்தலாம் என்று அவர்களுக்குத் தோன்றாது. தோன்றினால் நீங்கள் சம்பளத்தைப் பிடித்துவிடுவீர்கள்.

அப்புறம், எந்த வண்டி என்பது முக்கியம். 1930-களில் ஹிட்லரின் ஜெர்மனியில், மக்களுக்கு மலிவான கார் என்று பொறியாளர் ஃபெர்டினான்ட் போர்ஷே வடிவமைத்தது. அதே வண்டி போருக்குப் பிறகு உலகம் சுற்றி, மெக்சிகோவில் ‘வோச்சோ’ என்ற செல்லப்பெயரோடு சாதாரண ஜனங்களின் வண்டியாகிவிட்டது. மெக்சிகோ சிட்டியில் டாக்ஸியாக ஓடிய பீட்டில்களில் பயணிகள் ஏறி இறங்க வசதியாக முன் சீட்டையே கழற்றியிருப்பார்கள். இரண்டே கதவு அல்லவா. ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே ஆறும் இன்ஜின். தெருவோரத்திலேயே ரிப்பேர் பார்த்துவிடலாம். 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் தயாரான அந்தப் பழைய பீட்டிலின் கடைசி வண்டி 2003 ஜூலையில் மெக்சிகோவின் பூப்லா தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஓர்த்தேகா இதைத் தொங்கவிட்டார். ஒரு பென்ஸைப் பிரித்துத் தொங்கவிட்டிருந்தால் எனக்கு அது வெறும் அலங்காரம். மெக்சிகோக்காரர்களுக்கு இதில் தெரிவது அவர்கள் ஏறிப் போன, தள்ளிப் போன வண்டி.

அவர் முதலில் அரசியல் கார்ட்டூன் வரைந்தவர். ஒரே பொருளை வைத்து விஷயத்தைச் சொல்லும் பழக்கம் அங்கிருந்து வந்திருக்கலாம். பீட்டிலை அவர் அதோடு விடவும் இல்லை. 2004-இல் பின் சக்கரங்களுக்குக் கீழே கிரீஸைப் பூசி, ஓடும் பீட்டிலோடு கயிறு இழுத்தார். 2005-இல் பீட்டிலைப் பூப்லாவுக்கே கொண்டுபோய், செத்த வண்டு மாதிரி மல்லாக்கப் போட்டுப் புதைத்துப் படமெடுத்தார். அந்தப் புதைக்கிற சமாச்சாரம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கையைப் பிடித்து அழைத்துப்போய் ‘இங்கே வருத்தப்படு’ என்கிறது. தொங்கவிட்ட காரில் அந்தத் தொந்தரவு இல்லை.

1960-இல் பாரிஸில் சேசார் என்ற சிற்பி மூன்று கார்களை மெஷினில் நசுக்கிக் கட்டிகளாக வைத்தார். ‘மெஷின் செய்ததற்கு உமக்கு என்னய்யா பெயர்?’ என்ற சண்டை அப்போதே நடந்துவிட்டது. அவர் காரிலிருந்து காற்றைப் பிடுங்கினார், ஓர்த்தேகா காற்றை உள்ளே விட்டார்.

டெல்லிப் பூங்காவின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வெல்டிங் பிரமாதம். ஆனால் சங்கிலியும் பல்சக்கரமும் அங்கே சலவைக்கல்லுக்குப் பதிலாக வேலை செய்கின்றன. ‘அட, தாஜ்மகால்!’ என்றதும் பார்த்து முடிந்துவிடுகிறது. அதையே சிமென்ட்டில் செய்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. ஓர்த்தேகாவின் காரை வேறு எதில் செய்வீர்கள்?

சாக்கில் அடுக்கிய இன்ஜினைக் கலை என்று யாரும் சொல்லாததில் உங்களுக்கு ஒரு மனக்குறை இருப்பதுபோலத் தெரிகிறது. அது திரும்ப ஓட வேண்டிய இன்ஜின், அந்தப் பட்டம் எதற்கு? எனக்கு ஆசை வேறு. பாடி இல்லாத வெறும் சேஸிஸை வெயிலில் நெடுஞ்சாலையில் ஓட்டி வருவார்களே, கரூர் வந்து சேர்ந்ததும் அதைப் படமெடுத்து அனுப்புங்கள். கம்பிக்கூடு கட்டி, தகடு அடிப்பதற்கு முன்னால் இன்னொரு படமும் வேண்டும்.