அழுகும் அடீனியத்துக்கு டானிக் ஊற்றாதீர்கள்

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மொட்டை மாடியில் மூன்று ஆண்டுகளாக வளர்க்கும் சிவப்பு அடுக்குப் பூ அடீனியம், ஐப்பசி மழைக்குப் பிறகு இலைகளையெல்லாம் கொட்டிவிட்டது. அடிக்கிழங்கில் ஒரு பக்கம் அழுத்தினால் விரல் உள்ளே போகிறது. செடியை விற்றவர் 450 ரூபாய்க்கு ஒரு டானிக் பாட்டிலைக் கொடுத்து, வாரம் இருமுறை வேரில் ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா? செடி பிழைக்குமா?"

பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த டானிக்கை ஊற்றினால் இருக்கும் வாய்ப்பும் போய்விடும். அது கடற்பாசிச் சாறாக இருந்தாலும் வேறு எதுவாக இருந்தாலும், அழுகிக்கொண்டிருக்கும் வேருக்கு அது மேலும் ஒரு குவளைத் தண்ணீர், அவ்வளவுதான். அடீனியம் நம் அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஏடன் நகரத்தின் பெயரால் அழைக்கப்படும் இச்செடி, அரேபியாவிலும் ஆப்பிரிக்காவிலும் மழை அரிதான நிலங்களில், கிடைத்த நீரைப் பருத்த அடியில் சேர்த்துவைத்துக்கொண்டு வாழப் பழகியது. அப்படிப்பட்ட செடியின் வேர் சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஈர மண்ணில் காற்றின்றிக் கிடக்கும்போது, மண்ணில் எப்போதும் இருக்கும் பூஞ்சைகளுக்கு வழி திறந்துவிடுகிறது.

மென்மையாகிவிட்ட கிழங்கெல்லாம் அழுகிய கிழங்கு அல்ல. தண்ணீரின்றி வாடிய கிழங்கு எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தளர்ந்து, தோல் சுருங்கி, நாற்றமில்லாமல் இருக்கும். அதற்குத் தண்ணீர் போதும். உங்களுடையது ஒரே இடத்தில் பழுத்த சப்போட்டாவைப் போல் அமுங்குகிறது என்பதாலும், மழைக்குப் பிறகு நேர்ந்தது என்பதாலும், அதை அழுகல் என்றே கொள்ளுங்கள்.

இன்றே செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேரிலுள்ள மண்ணை முழுவதும் கழுவிவிடுங்கள். கூரான கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து, அமுங்கும் பகுதியைச் சீவத் தொடங்குங்கள். நல்ல சதை, நறுக்கிய முள்ளங்கியைப் போல் வெண்மையாகவும் விறைப்பாகவும் இருக்கும். கெட்ட சதை பழுப்பாகக் கொழகொழத்து நாறும். பலரும் பழுப்புச் சதையை வழித்தெடுத்தவுடன் மனம் பொறுக்காமல் நிறுத்திவிடுகிறார்கள். வெண்மையான வெட்டுமுகத்தில் குண்டூசி முனையளவு ஒரு பழுப்புப் புள்ளி மிஞ்சியிருந்தாலும், பத்து நாளில் அது மீண்டும் பரவும். ஆகவே ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்துக்கொண்டு, புள்ளி இல்லாத சதை வரும்வரை வெட்டுங்கள். கிழங்கில் பாதி போனாலும் போகட்டும். கையுறை கட்டாயம். இதன் சாறு நஞ்சு. ஆப்பிரிக்காவில் வேட்டை அம்புகளில் தடவப்பட்டது. கண்ணில் படக்கூடாது, சீவிய துண்டுகள் குழந்தைகளுக்கோ பூனைக்கோ எட்டும்படி கிடக்கவும் கூடாது.

வெட்டுமுகத்தில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் பூஞ்சைக்கொல்லித் தூளைச் சிட்டிகையளவு தடவி, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், மழைச்சாரல் படாமல், செடியைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். ஏழு முதல் பத்து நாள் போதும். ஈரப்பதம் மிகுந்த நாட்களில் இரண்டு வாரமும் ஆகலாம். வெட்டுமுகம் காய்ந்து, தட்டினால் மரப்பட்டை போல் ஒலிக்க வேண்டும். மருந்தைவிட இப்படிக் காயவைப்பதே முக்கியம். மருந்து வாங்கப் போனால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்: கடையில் அரைக் கிலோ பொட்டலம்தான் இருக்கும், அளவு கேட்டால் "ஏக்கருக்கு" என்று தொடங்குவார்கள். நகரத்தில் இத்தனை மாடிகளில் தொட்டிகள் வந்துவிட்ட பிறகும், ஒரு தொட்டிக்கு எவ்வளவு என்று சொல்லும் துண்டறிக்கை இங்கே எளிதில் கிடைப்பதில்லை. பொட்டலத்தைப் பிரித்துக் காகிதத்தில் மடித்துத் தருவதை மட்டும் வாங்காதீர்கள். பெயரும் தேதியும் இல்லாத பூச்சிமருந்தை வீட்டில் வைத்திருப்பது செடி சாவதைவிடப் பெரிய ஆபத்து.

உங்கள் செடிக்கென்று ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அடுக்குப் பூ அடீனியங்கள் பெரும்பாலும் ஒட்டுச்செடிகள்: விதையில் முளைத்த சாதாரண ரகத்தின் கிழங்கின்மேல் அடுக்குப் பூ ரகத்தின் கிளை ஒட்டப்பட்டிருக்கும். கிளைகள் தொடங்கும் இடத்தில் ஆங்கில வி எழுத்து வடிவிலோ வளையமாகவோ ஒரு தழும்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், கத்தியை எடுக்குமுன் சற்று யோசியுங்கள். அழுகல் தழும்புக்குக் கீழேயே நின்றுவிட்டால் கவலையில்லை. அது மேலேறி, நீங்கள் தழும்புக்குக் கீழே வெட்டிக் கிழங்கை மட்டும் காப்பாற்றினால், செடி பிழைக்கும், ஆனால் அடுத்த ஆண்டு பூக்கப்போவது கிழங்கின் சொந்தப் பூ, பெரும்பாலும் ஒற்றையடுக்கு இளஞ்சிவப்பு. அதனால் அழுகல் எட்டாத கிளையில் நான்கு அங்குலத் துண்டுகள் இரண்டு மூன்றை முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காயவைத்து மணலில் நட்டால் வேர் பிடிக்கும், உங்கள் பூவும் கிடைக்கும், ஆனால் விதைச்செடிக்கு வரும் அந்தப் பருத்த அடி வராது. இரண்டும் வேண்டுமென்றால், வேறொரு நாற்றின் கிழங்கில் ஒட்டுக்கட்டி, ஒட்டைப் பாலிதீன் பையால் இரண்டு வாரம் மூடி வைக்க வேண்டும். அழுகிய செடியை ஒருபோதும் பாலிதீனால் மூடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்; புது ஒட்டுக்கு மட்டும்தான் இந்த விலக்கு. "அடுக்குச் சிவப்பு விதை" என்று இணையத்தில் விற்பதை நம்பி மீண்டும் தொடங்கிவிடாதீர்கள். அடீனியம் விதையில் தாய்ப்பூவின் நிறம் அப்படியே வருவதில்லை. படத்தில் காட்டும் பூவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு விதையை அனுப்புகிறவர், அது பூக்கும் நாளில் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

மறுபடி நடும்போது, நர்சரியிலிருந்து வந்த மண்ணைத் தூக்கி எறியுங்கள். பெரும்பாலும் அது வெறும் தென்னை நார்க்கழிவு. வாங்கும்போது தொட்டி கனமில்லாமல் இருக்கும், கத்தரிச் செடிக்கும் நன்றாக இருக்கும், மழைக்காலத்தில் அடீனியத்துக்கு அது ஈரப் பஞ்சு. சலித்துக் கழுவிய கரடுமணல் இரண்டு பங்கு, பொடித்த செங்கல் துண்டு ஒரு பங்கு, உமிக்கரி அரைப் பங்கு, மக்கிய உரம் அரைப் பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். எம்-சாண்ட் என்றால், தூசி போகும்வரை அலச வேண்டும். இல்லையேல் சிமெண்டைப்போல் இறுகிவிடும். தொட்டிக்குள் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், சில நொடிகளில் அடித்துளையிலிருந்து வர வேண்டும்.

நட்டு ஒரு வாரம் வரை தண்ணீர் வேண்டாம். பிறகு ஒருமுறை ஊற்றி, மண் அடிவரை காய்ந்த பின்னரே அடுத்த முறை. இலை தளிர்க்கும்வரை உரமும் வேண்டாம். அதற்கு மூன்று முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அதுவரை தினமும் கிழங்கை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வாரம் ஒருமுறை போதும். தொட்டி மழை படாத, காலை வெயில் படும் இடத்தில் இருக்கட்டும். டானிக் பாட்டிலை விற்றவர் திரும்பப் பெறப் போவதில்லை. அதில் கடற்பாசிச் சாறு என்று அச்சிட்டிருந்தால் கத்தரிச் செடிக்கு நீர்த்து ஊற்றிவிடுங்கள்.