முன் சக்கரத்தில் ‘சர்… சர்…’

கேள்வி: அண்ணே, கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். என் வண்டி 150 சிசி, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ராத்திரி வரும்போது பக்கத்து வீட்டுப் பெரியவர் தூக்கம் கெட வேண்டாம் என்று தெருமுனையிலேயே என்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவேன். பத்து நாளாக முன் சக்கரத்தில் ‘சர்… சர்…’ என்று லேசாக ஏதோ உரசுகிறது. ஓட்டும்போது கேட்பதில்லை. காரைக்குடியில் ஒரு கடையில் காட்டினேன், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, பேரிங் போச்சு, இரண்டையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றட்டுமா? முன் டயர் பஞ்சர் ஆகிச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியதும் அந்த வாரம்தான்.

– கானாடுகாத்தான் வாசகர்

பதில்: தம்பி, கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருந்தால் பாதிப் பதில் அங்கேயே முடிந்திருக்கும். பேரிங்கை இப்போது மாற்ற வேண்டாம். பத்து நாளைக்கு முன்பு வரை சத்தமில்லாமல் ஓடிய சக்கரம், கழற்றி மாட்டியதும் சத்தம் போடுகிறது என்றால் மாட்டியதில் என்ன பிசகு என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் பிரேக் வண்டியைத் தள்ளினால் கொஞ்சம் உரசல் கேட்கத்தான் செய்யும். பிரேக்கை விட்டதும் பேடை, அதாவது டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் தகட்டை, பின்னால் இழுக்க அங்கே ஸ்பிரிங் எதுவும் கிடையாது, பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டு திரும்புவதில் மயிரிழை அளவு விலகுவதுதான், அதனால் பேட் எப்போதும் டிஸ்கை ஒட்டினாற்போலவே நிற்கும். உங்கள் ஊர்த் தெருவோ இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் நீண்ட மதில், ராத்திரியில் செருப்புச் சத்தமே எதிரொலிக்கும். மெயின் ரோட்டில் காதில் விழாத உரசல் அங்கே விழுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இது புதிதாக வந்த சத்தம் என்பதால் அப்படியே விட்டுவிடவும் முடியாது.

பகலில் அதே தெருவில் அதே மாதிரி தள்ளிப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். ஒவ்வொரு சுற்றிலும் கோடு அதே இடத்துக்கு வரும்போது மட்டும் ‘சர்’ என்றால் டிஸ்கோ ரிம்மோ அந்த இடத்தில் கோணியிருக்கிறது. விடாமல் ஒரே சீராக, வெண்கலப் பானையைப் புளி போட்டுத் துலக்குகிற மாதிரி கேட்டால் பேட் அழுத்திக்கொண்டிருக்கிறது. தள்ளும்போதே முன் பிரேக்கை ஒரு நூல் அளவு பிடித்துப் பாருங்கள், சத்தம் மாறினால் சங்கதி பிரேக்கில்தான். பேரிங் சத்தம் இப்படி இருக்காது. அது ‘கொர்ர்’ என்று அடித்தொண்டையில் வரும், வேகம் ஏற ஏற ஏறும், பிரேக்கைப் பிடித்தாலும் விட்டாலும் அதற்குக் கவலை கிடையாது. ஓட்டும்போது சத்தமே இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால்தான் பேரிங் மேல் எனக்குச் சந்தேகம் குறைவு. இருந்தாலும் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு, டயரின் மேலேயும் கீழேயும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் அந்தக் கடைக்காரர் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு.

ஆட்டம் இல்லையா? அப்படியானால் சக்கரத்தை மாட்டிய விதத்துக்கு வருவோம். சக்கரத்தின் நடுவில் ஓடும் ஆக்ஸில் கம்பியை உருவும்போது இரண்டு பக்கமும் சின்னக் குழாய் மாதிரி காலர் ஒன்றோ இரண்டோ கீழே விழும். அவசரத்தில் அதை இடம் மாற்றிப் போட்டாலோ, மண்ணோடு மாட்டினாலோ டிஸ்க் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கும். கேபிளில் ஓடுகிற ஸ்பீடோ மீட்டர் என்றால் சக்கரத்தோடு ஒரு பல்சக்கரப் பெட்டி இருக்கும், அதன் நாக்கு, சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் ஃபோர்க்கில் உள்ள இடத்தில் சரியாக உட்காரவில்லை என்றாலும் உரசும். ஓட்டும்போது மீட்டர் முள் ஆடுகிறதா என்று பாருங்கள். அப்புறம், சக்கரம் வெளியே கிடந்தபோது யாராவது விளையாட்டாக பிரேக் லீவரைப் பிடித்திருந்தால் பிஸ்டன் வெளியே வந்திருக்கும், அதோடு திணித்து மாட்டினால் பேட் இறுக்கமாகத்தான் நிற்கும்.

தீர்வு கஷ்டமில்லை. ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, காலரும் பெட்டியும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து, நட்டை முதலில் கையால் மட்டும் இறுக்குங்கள். வண்டியை இறக்கி முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை நாலைந்து தடவை கீழே அழுத்தி விடுங்கள், ஃபோர்க் தன் இடத்துக்கு வந்துவிடும், அதற்குப் பிறகு நட்டை முழுதாக இறுக்கலாம். ஃபோர்க் அடியில் ஆக்ஸிலைப் பிடிக்கும் சின்ன போல்ட் இருக்கிற வண்டி என்றால் அது கடைசி. முடித்ததும் பிரேக் லீவரைப் பலமுறை அமுக்கி, கெட்டியாக நிற்கிறது என்று தெரிந்த பிறகே வண்டியில் ஏறுங்கள். இதை மறந்துவிட்டு முதல் வளைவில் பிரேக் பிடிக்காமல் திணறியவர்கள் உண்டு.

இதற்கும் சத்தம் போகவில்லை என்றால் பேடையும் பிஸ்டனையும் தாங்கும் காலிப்பர் நகர்வதற்கான ‘பின்’ என்ற சின்னக் கம்பி இறுகியிருக்கலாம். கழற்றித் துடைத்து சிலிக்கான் கிரீஸ் போடச் சொல்லுங்கள். சாதா கிரீஸ் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். ஒரு சோதனை: ஆளில்லாத ரோட்டில் மெதுவாக 2 கிலோமீட்டர், பின் பிரேக்கை மட்டும் வைத்து ஓட்டிவிட்டு டிஸ்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ‘சுர்’ என்று கொதித்தால் பேட் விடாமல் பிடிக்கிறது, அதோடு ஓட்டாதீர்கள். கையை வைத்துப் பார்க்க வேண்டாம்.

ஆத்தங்குடித் தரைக் கல்லைத் தேங்காயெண்ணெய் போட்டு மினுக்கும் ஊர்க்காரர் என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது: சத்தம் நிற்கட்டும் என்று டிஸ்கில் எண்ணெய் விட்டுவிடாதீர்கள். சத்தம் நிற்கும், வண்டி நிற்காது.

பேரிங் விஷயத்தில் எனக்கே அனுபவம் உண்டு. ஒரு மழைக்காலத்தில் இதே மாதிரி உரசல் என்று இரண்டு பேரிங்கையும் மாற்றினேன், சத்தம் அப்படியே இருந்தது. மறுவாரம் வண்டியைக் கழுவும்போது மட்கார்டின் உள்பக்கத்திலிருந்து காய்ந்த செம்மண் கட்டி ஒன்று விழுந்தது, டயர் வழவழவென்று தேய்த்துவைத்த முகத்தோடு. அதையும் ஒரு தரம் தடவிப் பாருங்கள், செலவில்லாத வேலை.

கேள்வி: என் ஸ்கூட்டரில் பின் டிரம் பிரேக் காலையில் மட்டும் கிறீச்சிடுகிறது. மழை பெய்த மறுநாள் அதிகம். உள்ளே உரசும் பிரேக் ஷூவை மாற்ற வேண்டுமா?

– தேவகோட்டை வாசகி

பதில்: இரண்டு மூன்று முறை பிடித்ததும் நின்றுவிடுகிறது என்றால் வேண்டாம் அம்மா. ஈரத்தில் டிரம்முக்குள் லேசாகத் துரு படியும், பிரேக் பிடித்ததும் உரிந்துவிடும். நாள் முழுக்கக் கேட்டால்தான் கழற்ற வேண்டும். டிரம்முக்கு வெளியே பிரேக் கம்பி இழுக்கும் நெம்புகோல் சேரும் இடத்தில் சின்ன அம்புக்குறி ஒன்று இருக்கும், பிரேக்கை முழுதாகப் பிடித்தபோது அது டிரம் மூடியில் உள்ள கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது என்று கணக்கு. கழற்றும்போது உள்ளே இருக்கும் கருப்புத் தூளை வாயால் ஊத வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், ஈரத்துணியால் துடைக்கட்டும்.