ஐந்தரைக்கும் ஏழரைக்கும் நடுவில்

கேள்வி: எனக்கு வயது 43. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். போன மாதம் கணவருக்கு ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சராசரி சர்க்கரை 6.1 என்று வந்தது. "பார்டரில் இருக்கிறீர்கள், பாக்கெட் அயிட்டங்களைக் குறையுங்கள்" என்றார் டாக்டர். அன்றிலிருந்து மளிகை லிஸ்டையே மாற்றிவிட்டேன். மல்டி மில்லட் பிஸ்கட், பிரவுன் பிரெட், ஓட்ஸ், சிறுதானிய நூடுல்ஸ், சாமை அரிசி, பாக்கெட் ஜூஸ், கல்லூரிக்குப் போகும் மகனுக்கு ஹெல்த் டிரிங்க். யூடியூபில் ஒருவர் இதெல்லாம் பதப்படுத்தப்பட்டது, விஷம் என்கிறார். இன்னொருவர் பாக்கெட் பால், தயிர், புழுங்கல் அரிசிகூட பதப்படுத்தியதுதான் என்கிறார். நான் வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடும். கணவரும் மகனும் ஐந்தரைக்கே வந்துவிடுவார்கள். பாவம், நான் வந்து சமைக்கும்வரை அந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். எது முழு உணவு, எது பதப்படுத்திய உணவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிஸ்கட் கவரை இத்துடன் இணைத்திருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. ஊர் மாறும், பிஸ்கட் கம்பெனி மாறும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். உங்கள் குழப்பத்தைத் தீர்த்துவைக்கிறேன், அது அரைமணி நேர வேலை. அதற்கு முன்னால் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன அந்த ஒரு வரிக்கு வாருங்கள்.

ஐந்தரைக்கு இரண்டு ஆண்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஒருவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும், இன்னொருவன் காலேஜ் போகிறவன். இருவருக்கும் கை கால் நன்றாக இருக்கிறது. அடுப்பு இருக்கிறது, குக்கர் இருக்கிறது, அரிசியும் பருப்பும் டப்பாவில் இருக்கின்றன. ஏழரை வரை பிஸ்கட் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எதற்கு? பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற உங்களுக்கு. இதில் யார் பாவம்? அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றிக் கேள்வியே கேட்காமல், பிஸ்கட் கவரை மட்டும் வெட்டி ஒட்டி எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

சரி, கவருக்கே வருகிறேன். முன்பக்கம் கேழ்வரகுக் கதிர், கம்புக் கதிர், பச்சை நிறத்தில் ஓர் இலை. பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது? முதலில் மைதா. அடுத்து சர்க்கரை. அடுத்து பாமாயில். நான்காவதாகத்தான் சிறுதானிய மாவு வருகிறது, அதுவும் ஒற்றை இலக்க சதவீதத்தில். அப்புறம் இன்வர்ட் சிரப் என்கிற சர்க்கரைப் பாகு, எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கிற எமல்சிஃபையர், செயற்கை மணம். நம் நாட்டுச் சட்டப்படி சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு வரிசையாகப் போட வேண்டும். ஆகவே முதல் மூன்று பெயர்கள்தான் அந்தப் பொருள். நீங்கள் வாங்கியது மைதா பிஸ்கட். கம்புக் கதிர் படத்துக்குக் கூடுதல் காசு கொடுத்திருக்கிறீர்கள். கணக்குப் பார்க்கிறவர் இதைக் கவனிக்க வேண்டாமா?

இனி அந்த இரண்டு யூடியூப்காரர்கள். புழுங்கல் அரிசியும் பதப்படுத்தியதுதான் என்றவர் பொய் சொல்லவில்லை. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அரைக்கிறார்கள். ஆனால் அப்படி அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்கள் கொஞ்சம் அரிசிக்குள் இறங்குகின்றன. பச்சரிசியைவிட அதில் அந்தச் சத்து கூடுதலாக நிற்பது இதனால்தான். பாலைக் காய்ச்சுவதும், தயிர் தோய்ப்பதும், மாவைப் புளிக்கவைப்பதும் பதப்படுத்துவதுதான். கை படாத உணவு என்றால் மரத்திலிருந்து விழுந்த பழம் மட்டும்தான் மிஞ்சும். கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு தூரம், எதற்காக என்பது.

பிரேசிலில் சாவோ பாலோ பல்கலைக்கழகத்து கார்லோஸ் மொன்டெய்ரோவும் அவருடைய குழுவினரும் 2009 முதல் இந்த அடிப்படையில்தான் உணவைப் பிரித்துவருகிறார்கள். நோவா என்று பெயர். அரிசி, பருப்பு, காய், பால், முட்டை முதல் வகுப்பு. எண்ணெய், உப்பு, வெல்லம் போல சமையலுக்கு உதவுகிறவை இரண்டாவது. இவற்றைச் சேர்த்துச் செய்த ஊறுகாய், பன்னீர் போன்றவை மூன்றாவது. நான்காவதுதான் தொழிற்சாலையில் மாவுச்சத்தையும் எண்ணெயையும் பிரித்தெடுத்து, மணம், நிறம், எமல்சிஃபையர் போட்டு மறுபடி உருட்டியது. டாக்டர் குறைக்கச் சொன்னது இந்த நான்காவதை. பாக்கெட்டில் வருகிறதா என்பதல்ல விஷயம். துவரம் பருப்பும் பாக்கெட்டில்தான் வருகிறது, பாலும்தான்.

உங்கள் லிஸ்ட்டைப் பார்ப்போம். ஓட்ஸ் வெறும் ஓட்ஸாக இருந்தால் இருக்கட்டும், மசாலா ஓட்ஸ் என்றால் வேண்டாம். பிரவுன் பிரெட்டில் முதல் பெயர் மைதாவா முழுக்கோதுமையா என்று பாருங்கள். சேர்மானப் பட்டியலில் 150 என்று தொடங்கும் எண் இருந்தால் அந்தப் பழுப்பு கேரமலில் வந்த நிறம். நூடுல்ஸும் பிஸ்கட்டுக்கு அண்ணன் தம்பிதான், கவரைத் திருப்பிப் பாருங்கள், புரியும். ஜூஸ் வேண்டவே வேண்டாம். அடர்சாற்றில் தண்ணீர் கலந்து விற்பதற்கு 'நூறு சதவீதப் பழச்சாறு' என்று போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2024 ஜூனில் உத்தரவு போட்டது. நிஜமாகவே நூறு சதவீதமானாலும், நாரை எறிந்துவிட்டு இனிப்பை மட்டும் குடிப்பது பார்டரில் இருக்கிறவருக்கு எதற்கு? ஒரு கொய்யாவைக் கடித்துத் தின்னட்டும். மகனுடைய பவுடரும் அப்படித்தான். மால்ட் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் வைத்து விற்காதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்கு 2024 ஏப்ரலில் அதே ஆணையம் சொன்னது, நம் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது என்பதால்.

சாமையில் ஒரு சூட்சுமம் உண்டு. கடையில் வெள்ளை வெளேரென்று பளபளக்கிற சாமை தீட்டித் தீட்டித் தவிடு போனது. அதற்கும் வெள்ளை அரிசிக்கும் பெரிய வித்தியாசம் பார்க்காதீர்கள். மங்கலாக, லேசான பழுப்பில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கேழ்வரகு என்றால் முழுசாக வாங்கி, கழுவிக் காயவைத்து, பக்கத்து மாவு மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள்.

எண்களைக் கண்டு எல்லாவற்றுக்கும் பயப்படவும் வேண்டாம். 500 என்பது பெரும்பாலும் நம் ஆப்பசோடாதான், 330 என்பது எலுமிச்சையில் இருக்கும் அதே புளிப்பு. 621, 627, 631 என்ற சுவைகூட்டிகள் வரிசையாக வந்தால் நாக்கை ஏமாற்றுகிற வேலை நடக்கிறது என்று பொருள். மால்டோடெக்ஸ்ட்ரின் என்று பார்த்தால் உஷார், அது மாவுச்சத்தை உடைத்துச் செய்த பொடி: சத்து அட்டவணையில் 'சர்க்கரை' வரியில் பெரும்பாலும் வராது, ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் ஏறும். வீட்டில் செய்ததெல்லாம் அமுதம் என்றும் நினைக்காதீர்கள். வீட்டு முறுக்கும் எண்ணெயில் பொரித்த மாவுதான்.

உங்கள் வீட்டில் பாக்கெட் ஏன் ஏழரைக்குள் காலியாகிறது என்பதற்கும் பதில் இருக்கிறது. 2019-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவர் 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் நான்காம் வகை உணவும், இரண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்தார். பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் ஏறக்குறைய சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். நான்காம் வகையில் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் உள்ளே போனது, வேகவேகமாகவும் சாப்பிட்டார்கள். மென்று தின்ன வேலையில்லாத தீனி அப்படித்தான் போகும். பசியோடு வந்த மனிதர் முன்னால் பிரித்த பாக்கெட்டை வைத்துவிட்டு, அவருக்குக் கட்டுப்பாடு இல்லை என்று சொல்லி என்ன பயன்?

இப்போது மறுபடி அந்த இரண்டு மணி நேரம். முழு உணவைக் கழுவ வேண்டும், நறுக்க வேண்டும், வேகவைக்க வேண்டும். அதற்கு ஒரு கை வேண்டும். உங்கள் வீட்டில் மூன்று ஜோடிக் கைகளில் ஒரு ஜோடிதான் வேலை செய்கிறது, அதுவும் ஏழரைக்கு மேல். மீதியை பிஸ்கட் கம்பெனி செய்கிறது. சர்க்கரை ஏறியது அவருக்கு. கவர் படிக்கிறது நீங்கள், லிஸ்ட் மாற்றுகிறது நீங்கள், பத்திரிகைக்கு எழுதுகிறதும் நீங்கள். அவர் என்ன செய்தார் என்று உங்கள் கடிதத்தில் தேடிப் பார்த்தேன், சாப்பிட்டார் என்பதைத் தவிர ஒன்றும் இல்லை.

அவரைத் திட்டுவதற்கு அவர் எனக்கு எழுதவில்லை. நீங்கள் எழுதினீர்கள், அதனால் உங்களைத்தான் கேட்கிறேன். இத்தனை வருஷத்தில் எத்தனை முறை அவரை அடுப்படிக்குள் விட்டீர்கள்? "வெங்காயத்தை இப்படியா நறுக்குவது, மேடையெல்லாம் பாழ், தள்ளுங்க நானே பார்த்துக்கிறேன்" என்று எத்தனை முறை சொன்னீர்கள்? நம் பெண்கள் பலருக்கு இந்த வியாதி உண்டு. வேலை நம் கையை விட்டுப் போனால் மரியாதையும் போய்விடும் என்று ஒரு பயம். மகன் விஷயத்தில் இது பெரிய தப்பு. ஒரு குக்கர் வைக்கத் தெரியாமல் மகனை வெளியூருக்கு அனுப்பினால், அவன் நூடுல்ஸில் விழுவான். பிறகு ஒரு பெண் வந்து ஏழரைக்கு வீடு திரும்பி அவனுக்குச் சமைப்பாள். அவனைப் பெற்றவர்கள் செய்ய வேண்டிய கடமை அது, வரப்போகிற மருமகள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

கொங்கு நாட்டில் இருந்துகொண்டு அரிசிம்பருப்பு சாதம் தெரியாது என்று சொல்லாதீர்கள். ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம் பருப்பு. வழக்கத்தைவிடப் பருப்பு கூடுதல்தான், அவருக்கு அது நல்லது. சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மிளகு. தாளித்து, தண்ணீர் ஊற்றி, நான்கு விசில். பக்கத்தில் அவரைக்காய்ப் பொரியல், சாதத்தைவிடத் தட்டில் அது கூட இருக்கட்டும். காலையில் கிளம்பும்போது அவரே ஒரு கிண்ணம் தட்டைப்பயறோ கொள்ளோ ஊறப்போட்டுவிட்டுப் போனால், வந்ததும் வேகவைத்துத் தேங்காய் தூவி ஐந்தே முக்காலுக்குச் சுண்டல் தயார். ஞாயிற்றுக்கிழமை காலை உழவர் சந்தைக்கு மகன் போகட்டும். முற்றின முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு வருவான், திட்டாதீர்கள். அடுத்த வாரம் பார்த்து வாங்குவான்.

வாங்கிவைத்த பிஸ்கட்டைக் கொட்ட வேண்டாம், விருந்தாளிக்கு ஆகும். புதிதாக வாங்காதீர்கள், அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து அவருக்கு மறுபடி ரத்தப் பரிசோதனை, அந்தத் தேதியை அவரையே காலண்டரில் குறிக்கச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை ஏழரைக்கு நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது குக்கர் இறக்கியிருக்க வேண்டும். இறக்கவில்லை என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, ஹாலில் அவர்கள் பக்கத்திலேயே உட்காருங்கள். எட்டரை ஆனாலும் அடுப்படிப் பக்கம் போகாதீர்கள்.