நாய்க்குக் கோட்: கழுத்தில் இறுக்கம், வயிற்றில் தொளதொள!

கேள்வி: 'மீடியம்' என்று போட்டிருந்த மாதிரியைப் பார்த்து என் நாய்க்குக் குரோஷாவில் (கொக்கி ஊசிப் பின்னல்) கோட் பின்னினேன். கழுத்தை இறுக்குகிறது, வயிற்றுப் பக்கம் தொங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த 'மீடிய'த்தை மறந்துவிடுங்கள். ஒரே எடையுள்ள இரண்டு நாய்களுக்குக்கூட மார்பளவு ஒன்றாக இருக்காது. நாயை நிற்க வைத்து (உட்கார்ந்தால் அளவு மாறிவிடும், கையில் ஒரு பிஸ்கட் இருக்கட்டும்) முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், மார்பு அகன்றிருக்கும் இடத்தில் டேப்பைச் சுற்றி அளவெடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான். அப்புறம் கழுத்து, கழுத்திலிருந்து வால் தொடங்கும் இடம் வரை முதுகு நீளம், முன்னங்கால்களுக்கு நடுவே உள்ள அகலம்.

மார்பளவோடு 3 முதல் 5 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். அதே நூல், அதே ஊசியில் ஒரு சின்னச் சதுரம் பின்னி, துவைத்துக் காயவைத்த பிறகு கண்ணிகளை எண்ணுங்கள், 10 செ.மீ.க்கு 14 கண்ணி வந்தால் 55 செ.மீ. சுற்றளவுக்கு 77 வேண்டும், இந்தக் கணக்குப் போடாமல் ஆரம்பித்தால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

கழுத்துப் பட்டையில் சிங்கிள் குரோஷாவை (குட்டையான அடிப்படைப் பின்னல்) கண்ணியின் பின்பக்க இழையில் மட்டும் போடுங்கள், வரிவரியாக வந்து நன்றாக இழுபடும். அந்த வரிகள் கழுத்தைச் சுற்றி அல்ல, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். வயிற்றுப் பகுதியில் இரு ஓரங்களிலும் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஆண் நாய் என்றால் வயிற்றுப் பகுதி நீளம் இன்னும் குறைவாக, இல்லாவிட்டால் நனைந்துவிடும். பெரிய ஓட்டை டிசைன் வேண்டாம், நகம் மாட்டும். கடித்துப் பார்க்கும் நாயாக இருந்தால் பட்டனும் வேண்டாம்.